கரிக்கோச்சி ஊதியபோது நான் செய்தது

சம்மாந்துறைக்குப் போகும் வீதியில், வீடுகள் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் ஓர் அரிசி ஆலை இருக்கிறது. வாசலில் பெயர்ப்பலகை உண்டு. அதை யாரும் வாசிப்பதில்லை. ‘ஊமையம்மாட மில்’ என்று கேட்டால் உழவு மெஷின் ஓட்டுபவரிலிருந்து வங்கி மனேஜர் வரை வழி காட்டுவார்கள். அந்தப் பெயரில் இப்போது இளக்காரம் எதுவும் இல்லை. அந்த ஊமையம்மா என் தங்கச்சி.

போன போகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மில்லின் மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. தங்கச்சி வழமைபோல் அதன் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். முகம் சுளித்தாள். கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள். கல்முனையிலிருந்து வந்த மெக்கானிக் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, “ஒண்டுமில்ல, ஓடட்டும்” என்றான். அவள் அசையவில்லை. வேறு வழியில்லாமல் கழற்றினான். உள்ளே பேரிங் அரைபட்டுப் பொடியாகிக் கிடந்தது. அவன் என் பக்கம் திரும்பி, “சேர், காது கேக்குற எனக்கு வெளங்கல்ல, இவவுக்கு வெளங்கிட்டு. நான் என்னத்துக்கு சேர் இந்தத் தொழிலச் செய்றன்?” என்றான். அங்கே நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நெஞ்சு நிறைந்துபோய் நின்றேன்.

முப்பத்தைந்து வருடம் படிப்பித்தேன். பள்ளிக்கூட அதிபராக இருந்தேன். இன்று சந்தையில் என்னை நிறுத்துகிறவர்கள், “நீங்க ஊமையம்மாட காக்காதானே?” என்றுதான் கேட்கிறார்கள். ஓம், அவளுடைய அண்ணன்தான் என்கிறேன். அதைவிடப் பெரிய பட்டம் எனக்குக் கிடைத்ததில்லை.

அந்தப் பட்டத்துக்கு நான் உரியவன்தானா என்பதுதான் கதை. என்னோடு கடற்கரை மணலில் கண்ணாடிப் போளை அடித்தவர்களே, ஒரே வாங்கில் நெருக்கி இருந்து படித்தவர்களே, உங்களில் எத்தனை பேர் மிச்சம் என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. இருக்கிறவர்கள் கேளுங்கள். உங்களில் இரண்டு மூன்று பேர் இதற்குச் சாட்சிகள். சாட்சிகள் என்பது உங்களுக்கே தெரியாது.

எனக்கு ஒன்பது வயது. தங்கச்சிக்கு இரண்டரை. வாப்பா எங்கள் குடிக்கு மரைக்கார், அதாவது எங்கள் தாய்வழிக் குடும்பங்களின் சார்பில் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர். உயரமான மனிதர். சிவப்புத் துருக்கித் தொப்பி இல்லாமல் வளவின் வாசற்படலையைத் தாண்டமாட்டார். அவர் சத்தமாகச் சிரித்ததை அதுவரை நான் கண்டதில்லை. உம்மா மெலிந்தவர், குறைவாகக் கதைப்பவர், எல்லாவற்றையும் இரண்டு தரம் பார்ப்பவர்.

தங்கச்சிக்குப் பேச்சு வரவில்லை. பிறந்து எட்டாம் மாதம் கடும் காய்ச்சல் வந்து பிழைத்தவள் அவள். பிழைத்ததே பெரிய காரியம் என்று அன்று கந்தூரி கொடுத்தார்கள். அதன் பிறகு அந்தக் காய்ச்சலை யாரும் நினைக்கவில்லை. பேச்சு வராததற்கு வாப்பாவிடம் ஒரு காரணம் இருந்தது. “எங்கட வாப்பாவும் நாலு வயசிலதான் வாயத் தொறந்தவர். தொறந்த பொறகு மூடல்ல” என்பார்.

காது கேட்கிறதா என்று ஊரில் யாராவது இழுத்தால், வாப்பா கையை நீட்டிப் பள்ளிவாசலைக் காட்டுவார். எங்கள் வளவுக்கு நேர் பின்னால் பள்ளி. ஒலிபெருக்கி வராத காலம். பாங்கு சொல்வதற்கு முன் மோதினார் நகரா அடிப்பார். மாட்டுத்தோல் போர்த்த அந்தப் பெரிய முரசில் முதல் அடி விழுந்ததும், தங்கச்சி எங்கே விளையாடிக்கொண்டிருந்தாலும் நிமிர்வாள். பின்சுவருக்கு ஓடிப்போய் இரண்டு கைகளையும் வைத்து, கன்னத்தையும் ஒட்டி, அடித்து முடியும் வரை நிற்பாள். ஐந்து வேளையும் இது நடக்கும். தொழுகைக்குப் போகிறவர்கள் படலையில் நின்று பார்த்து, “மாஷா அல்லாஹ்” என்பார்கள்.

“பள்ளி நகராக் கேட்டு ஓடி வாற புள்ளக்கிக் காது கேக்காதா? விசர்க் கதை” என்பார் வாப்பா. அதற்கு மேல் யாரும் கதைக்கமாட்டார்கள். பள்ளியைச் சாட்சிக்கு இழுத்த பிறகு என்ன கதைப்பது?

அவள் நகராவைக் கேட்கவில்லை. நிலத்தாலும் சுவராலும் உடம்புக்குள் வாங்கிக்கொண்டாள். இது இன்று சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். அன்று எங்கள் வீட்டில் ஒருவனுக்குத்தான் விளங்கியிருந்தது.

பெரும்போக அறுவடை முடிந்து நெல் வீடு வந்த நேரம். விருந்துக்காக எடுத்த சகனை அடுக்களையில் கைதவற விட்டேன். ஆறு பேர் சுற்றி இருந்து சாப்பிடும் பெரிய தட்டு. சீமெந்துத் தரையில் அது விழுந்து சுழன்ற சத்தத்தில் உம்மா வளவிலிருந்து ஓடி வந்தார். கோழிகள் பறந்தன. தங்கச்சி வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு ஓர் எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பவே இல்லை. பிறகு நான் தனியாகச் சோதித்துப் பார்த்தேன். முதுகுக்குப் பின்னால் கை தட்டினேன். பெயர் சொல்லிக் கத்தினேன். ஒன்றுமில்லை. ஆனால் அவள் இருந்த மரவாங்கின் காலைக் கட்டைவிரலால் மெல்ல உதைத்தால் உடனே திரும்பினாள். திரும்பி என்னைக் கண்டு சிரித்தாள்.

அன்றே உம்மாவிடம் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை.

பயத்தால் சொல்லவில்லை என்று எழுதினால் நீங்கள் மன்னித்துவிடுவீர்கள். பயம் இல்லை. பெருமை. யார் கூப்பிட்டாலும் திரும்பாதவள் நான் கூப்பிட்டால் திரும்புகிறாள் என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டாயிற்று. உங்களைக் கூட்டி வந்து காட்டினேனே, நினைவிருக்கிறதா? “டேய், நீங்க கூப்புடுங்கடா பாப்பம்” என்று உங்களைக் கத்தவிட்டு, பிறகு நான் வாங்கின் மறுமுனையில் இருந்துகொண்டு மெல்லிய குரலில் ஒரு தரம் கூப்பிடுவேன். கால் விரல் தன் வேலையைச் செய்யும். அவள் திரும்புவாள். வாய் பிளந்து நின்ற உங்களிடம் ஆளுக்கொரு போளை வாங்கினேன். “காக்கா சொன்னாத்தான் கேக்கும்” என்று மாமிமார் சொல்வதைக் கேட்க எனக்கு வயிறு நிறைந்தது.

உம்மா மட்டும் நம்பாமல், அடுக்களை வாசலில் நின்று அவளைக் கூப்பிட்டுப் பார்ப்பார். அப்போதெல்லாம் நானும் அந்த வாங்கில் இருந்தேன். ஒரு தாய்க்கு வந்த சரியான சந்தேகத்தை நான் கால் விரலால் கெடுத்தேன்.

வாப்பாவின் தம்பி, என் சாச்சா, பதுளையில் புடவைக்கடை வைத்திருந்தார். அவரிடமிருந்து கடிதம் வந்தது. பேச்சு வராத பிள்ளையை ஒரு தரம் நன்றாகத் திடுக்கிட வைத்தால் பேச்சு வந்துவிடும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். “டீசல் வந்திட்டுதான் காக்கா, ஆனா இஞ்ச இன்னும் கரிக்கோச்சியும் ஓடுது. அது ஊதுற ஊதுக்கு மலையே கதைக்கும். புள்ளயக் கூட்டிக்கு வாங்க. பண்டாரவளைக்குப் போய் வருவம். மதினியும் குளிர் பாக்கட்டும்.” வாப்பா அந்தக் கடிதத்தை மூன்று நாள் சட்டைப்பையில் வைத்திருந்தார். நான்காம் நாள் தகரப் பெட்டியை இறக்கினார்.

ஆக அந்தப் பயணம் உல்லாசப் பயணம் மட்டுமில்லை. தங்கச்சி கோச்சி, அதாவது ரயில், ஊதும் சத்தத்தில் திடுக்கிட வேண்டும். அதற்காகத்தான் போனோம். அவள் திடுக்கிடமாட்டாள் என்று தெரிந்த ஒருவனும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடப் போனான்.

அம்பாறை, மகாஓயா, பிபிலை என்று பஸ் மாறி மாறிப் போனோம். எங்களூர் வெயிலுக்குத் தைத்த சட்டையோடு பதுளையில் இறங்கி நடுங்கினோம். சாச்சா எல்லோருக்கும் கம்பளிச் சட்டை கொண்டுவந்திருந்தார். தங்கச்சிக்குக் கொண்டுவந்த மஞ்சள் சட்டை முழங்கால் வரை தொங்கியது. அதைப் போட்டுக்கொண்டு அவள் சாச்சாவின் கடையில் புடவை மடிப்புகளுக்குள் தலையை நுழைத்து ஒளிந்து விளையாடினாள். அந்த மஞ்சள் சட்டையோடு ஸ்டுடியோவில் ஒரு படமும் எடுத்தோம். சுனாமியில் கடல் வந்த ஆண்டு, வீட்டோடு அந்தப் படமும் போயிற்று. வாப்பா அந்தச் சிவப்புத் தொப்பியோடு இருந்த கடைசிப் படம் அது. ஏன் என்று சொல்கிறேன்.

அடுத்த நாள் காலை ஸ்டேசன். உங்களுக்கும் எனக்கும் கோச்சி என்பது புத்தகத்தில் இருந்த படம். எங்கள் கரையில் தண்டவாளமே இல்லையே. அந்த எஞ்சினை முதன்முதலில் கண்டபோது எனக்கு அது இரும்பாகத் தெரியவில்லை. மூச்சு விட்டது. வியர்த்தது. கீழே கொதிநீர் சொட்டியது. எரிந்த கரியும் சூடான எண்ணெயும் கலந்த அந்த வாசம் இன்றும் மூக்கில் இருக்கிறது. தங்கச்சி என் இடுப்பில் இருந்தாள். “நீ தூக்கு மகன். உன்னோடதான் அவள் அடங்கி இருப்பாள்” என்று வாப்பாதான் தந்தார்.

சாச்சா டிரைவரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். டிரைவர் சிரித்துக்கொண்டு தலையாட்டினார். வாப்பா எங்களை எஞ்சினுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, தங்கச்சியின் முகத்துக்கு நேரே ஒரு முழ தூரத்தில் தன் முகத்தைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டார். உதடுகள் ஓதிக்கொண்டிருந்தன. உம்மா இரண்டு அடி பின்னால் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எஞ்சின் ஊதியது.

நான் காது பொத்த முடியாமல் கண்ணை மூடினேன். நிலையத்துக் கூரையிலிருந்த புறாக்கள் எல்லாம் கிளம்பின. திறந்து பார்த்தால், தங்கச்சி பெரிய சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இமைகூட ஆடவில்லை. ஊதல் நிற்காமல் நீண்டது. வாப்பாவின் முகம் என் கண் முன்னால் கொஞ்சம் கொஞ்சமாக விழத் தொடங்கியது. முதலில் வாய் ஓதுவதை நிறுத்தியது. பிறகு கண்.

நான் அவளைத் தாங்கியிருந்த கையால், மஞ்சள் சட்டைக்குக் கீழே, தொடையின் அடிப்பக்கத்தில் கிள்ளினேன். பலமாகக் கிள்ளினேன்.

அவள் அலறினாள்.

“கேட்டுட்டு! எண்ட புள்ளக்கிக் கேட்டுட்டு!” வாப்பா என் கையிலிருந்து அவளைப் பறித்துத் தலைக்கு மேலே தூக்கினார். தூக்கிக்கொண்டு சுற்றினார். எங்கள் குடியின் மரைக்கார், வெள்ளிக்கிழமை முன்வரிசையில் நிற்பவர், பதுளை மேடையில் சின்னப் பிள்ளைபோல் சுற்றினார். தொப்பி தலையிலிருந்து விழுந்து, உருண்டு, தண்டவாளத்தில் எஞ்சினின் கொதிநீருக்குள் போய்க் கிடந்தது.

“காக்கா, தொப்பி! தொப்பி!”

“கெடக்கட்டும்டா தொப்பி!”

சாச்சா அழுதுகொண்டு சிரித்தார். வாப்பா கச்சான் கடலை விற்றவரின் கூடையைப் பிடித்து, நின்றவர்களுக்கெல்லாம் கைப்பிடி கைப்பிடியாக அள்ளிக் கொடுத்தார். கடைசியாக என்னிடம் வந்து குனிந்து நெற்றியில் முத்தமிட்டார். “நீதான்டா தூக்கி வெச்சிருந்தாய். முதல் சந்தோசம் உனக்கு” என்றார். அவரது வழுக்கைத் தலையை வெட்டவெளியில் அன்றுதான் பார்த்தேன். வெயில் பட்டு மினுங்கியது.

வாப்பாவின் முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல் கிள்ளினேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி உண்மை. அவளுக்குக் காது கேட்காது என்று ஆகிவிட்டால், ‘காக்கா சொன்னாக் கேக்கும்’ என்ற என் பெயர் என்னாகும் என்பது மறுபாதி.

மூன்றாம் வகுப்புப் பெட்டியில் மர வாங்குகள். எங்களுக்கு எதிரே, தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு மலையகப் பெண் கைக்குழந்தையோடு இருந்தார். வாப்பா அவருக்கும் கச்சான் கொடுத்து, “எண்ட மகளுக்குக் கேட்டுட்டு தங்கச்சி” என்றார். என்ன ஏதென்று தெரியாமலே அவரும் சந்தோசப்பட்டார்.

கோச்சி ஏறத் தொடங்கியது. தேயிலை மலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக எழும்பி வந்தன. தெமோதரையில் ஒரு வேடிக்கை உண்டு என்று சாச்சா சொல்லிக்கொண்டு வந்தார். “இப்ப ஸ்டேசனுக்குக் கீழால குகைக்குள்ள போவம். பொறகு மலையச் சுத்தி ஏறி அதே ஸ்டேசனுக்கு மேலால வருவம். ஒரே இடத்த ரெண்டு தரம் பாக்கலாம். வெள்ளைக்காரன் பாம்பு சுருளுறதப் பாத்துப் படிச்சிருப்பான்.”

குகைக்குள் போனோம். பெட்டிக்குள் விளக்கு இல்லை. புகை ஜன்னலால் உள்ளே வந்தது. எஞ்சின் ஊதியது. கல்லுக்குள் அடைபட்ட அந்தச் சத்தத்தில் எதிரே இருந்த குழந்தை வீறிட்டது. நானே சாச்சாவைக் கட்டிப்பிடித்தேன். வெளிச்சம் வந்தபோது, தங்கச்சி ஜன்னலுக்குக் கீழே பலகையில் இரண்டு உள்ளங்கைகளையும் ஒட்டிக்கொண்டு நின்றாள். மூக்கெல்லாம் கரி. வாய் கொள்ளாத சிரிப்பு.

“பாத்தியா! பழகிட்டு. இனிப் பயமில்ல” என்றார் வாப்பா.

தன் குழந்தையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்த அந்தப் பெண் கொஞ்ச நேரம் தங்கச்சியையே பார்த்தார். பிறகு உம்மாவிடம் மெதுவாகக் கேட்டார். “ஏங்கம்மா, பாப்பாவுக்குக் காது கேக்குதுங்களா?”

இரண்டரை வருடத்தில் எங்கள் சொந்தத்தில் ஒருவரும் உம்மாவின் முகத்தைப் பார்த்து இப்படிக் கேட்டதில்லை. உம்மா எழும்பினார். போய்த் தங்கச்சியைத் தூக்கி, தன் மடியில், பலகையில் கால் படாமல் வைத்துக்கொண்டார்.

“ஒருத்தரும் தொட வேணாம்” என்றார்.

மலையைச் சுற்றி ஏறி மேலே ஸ்டேசனுக்குள் நுழையும்போது எஞ்சின் மறுபடியும் ஊதியது. வளைவு என்பதால் எஞ்சின் எங்கள் ஜன்னலுக்கு நேரே தெரிந்தது. சத்தம் முகத்தில் அறைந்தது. உம்மா தங்கச்சியின் முகத்தையே பார்த்தார். அவள் உம்மாவின் காதிலிருந்த அலுக்குத்தை விரலால் சுழற்றிக்கொண்டிருந்தாள்.

“இவளுக்குக் கேக்கல்ல” என்றார் உம்மா.

“விசர்க் கதை கதைக்காத.”

“கேக்கல்ல. நான் பாத்தன்.”

“ஸ்டேசன்ல அழுதவளா இல்லயா? நீயும்தானே பாத்தாய்? நகராவுக்கு ஓடுறவளா இல்லயா?”

உம்மா அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். “மகன், நீதானே தூக்கி வெச்சிருந்தாய். எண்ட முகத்தப் பாத்துச் சொல்லு. புள்ள கோச்சி ஊதினதுக்குத்தான் அழுதவளா?”

கோச்சி நின்றிருந்தது. மேடையில் யாரோ தேநீர் விற்றார்கள். உம்மாவின் கண்ணைப் பார்த்தேன். அதில் கோபம் இல்லை, கெஞ்சல் இருந்தது. உண்மையைச் சொல்லு என்று தாய் பிள்ளையிடம் கெஞ்சினார்.

“ஓம் உம்மா. ஊதினதுக்குத்தான்” என்றேன்.

இதுதான் நான் செய்தது. கிள்ளியதை ஒன்பது வயதின் மேல் போடலாம். இதைப் போட முடியாது.

அதற்குப் பிறகு ஒன்பது வளைவுப் பாலம் வந்தது. கீழே பாதாளம். வாழைத் தோட்டங்கள் விளையாட்டுச் சாமான்போல் தெரிந்தன. தங்கச்சி உம்மாவின் மடியில் எழும்பி நின்று ஒவ்வொன்றாக விரல் நீட்டிக் காட்டினாள். உலகத்தை அவளைப்போல் பார்த்தவர் அந்தப் பெட்டியில் ஒருவரும் இல்லை. வாப்பா மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உம்மா ஒன்றையும் பார்க்கவில்லை.

பண்டாரவளையில் குழாயடியில் அவளுக்குக் கை கால் கழுவும்போது உம்மா அந்த அடையாளத்தைக் கண்டார். நாணயமளவு கன்றிச் சிவந்திருந்தது. “இது என்ன?” என்றார். சாச்சா எட்டிப் பார்த்து, “எஞ்சின்ல இருந்து கரித்துண்டு பறந்து பட்டிருக்கும் மதினி” என்றார். கரித்துண்டு சட்டைக்குள்ளே போய்த் தொடையின் அடியில் படாது என்பது உம்மாவுக்குத் தெரியாததா? கைப்பையிலிருந்து தேங்காய் எண்ணெயை எடுத்துப் பூசினார். பூசும்போது ஒரு தரம் என்னைப் பார்த்தார். கேட்கவில்லை. சாகும் வரை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று எனக்கு இன்றும் நிச்சயமில்லை.

அந்த ஓர் அலறல் எங்கள் வீட்டில் இரண்டு வருடத்தைத் தின்றது. “ஒருக்காக் கேட்ட காது திரும்பவும் கேக்கும்” என்று வாப்பா பொத்துவில் வரை வைத்தியர்களைத் தேடிப் போனார். காதில் ஊற்றாத எண்ணெய் இல்லை. ஓதிய தண்ணீர்ப் போத்தல்கள் அலுமாரியில் வரிசையாக நின்றன. தங்கச்சி எண்ணெய்க் கிண்ணத்தைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் ஒளிந்தாள். காலைப் பிடித்து இழுத்து எடுக்கச் சொல்லி என்னைத்தான் அனுப்பினார்கள்.

ஓர் அறுவடை நேரம், வாப்பா வயல்வாடியில் தங்கியிருந்தபோது, உம்மா விடியக் காலை முக்காட்டைப் போட்டுக்கொண்டு எங்கள் இருவரையும் எழுப்பினார். ஆண் துணை இல்லாமல் அடுத்த ஊருக்கும் பஸ் ஏறியிராதவர் மட்டக்களப்புக்கு டிக்கட் எடுத்தார். நடத்துனர், “தனியாவா போறீங்க?” என்று கேட்டபோது, “இல்ல, எண்ட மகளோட போறன்” என்றார். அந்தப் பதிலை நான் எத்தனை மேடையில் சொல்லியிருக்கிறேன்!

ஆஸ்பத்திரியில் டொக்டர் மணி அடித்தார், தட்டு தட்டினார், காதுக்குள் விளக்குப் பிடித்துப் பார்த்தார். முடித்துவிட்டு, குழந்தைப் பருவத்துக் காய்ச்சலில் இரண்டு காதும் முழுமையாகப் போய்விட்டது என்றார். நிலம் அதிர்வதை உடம்பால் அறிவாள், அவ்வளவுதான்.

“ஒருக்காலும் கேட்டிருக்காதா டொக்டர்? கரிக்கோச்சி பக்கத்தில நிண்டு ஊதினாலும்?”

“கேட்டிருக்காது அம்மா.”

நான் மேசைக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உம்மா என் பக்கம் திரும்பவில்லை. அழவும் இல்லை. “அப்ப இவள எப்பிடிப் படிப்பிக்கிற?” என்று கேட்டார். காது கேளாத பிள்ளைகளுக்கென்று தூரத்தில் ஒரு பள்ளிக்கூடம் இருப்பதாக டொக்டர் சொன்னார். இரண்டு வருடம் முந்தி வந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்றும் சொன்னார்.

வீட்டில் பெரும் சண்டை. பொட்டைப் பிள்ளையை அந்நிய ஊரில் விடுவதா என்று குடியே கூடி வந்து கேட்டது. வாப்பா, “அவள் ஒருக்காக் கேட்டவள்” என்பதிலேயே நின்றார். உம்மா எல்லோரையும் கதைக்கவிட்டுக் கடைசியாகச் சொன்னார்: “நீங்க எல்லாரும் நல்லாக் கேப்பீங்க. உங்களுக்குச் சொல்லியே ஒண்டும் ஏறுதில்ல. அவளுக்குக் கேக்காது, ஆனா ஏறும். நான் கொண்டு போறன்.” கொண்டுபோனார். முதல் ஆறு மாதம் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஓர் அறையில் தானும் தங்கினார். ஊர் கதைத்தது. கதைத்த ஊர்தான் பிறகு தன் கணக்கெல்லாம் தங்கச்சியிடம் எழுதக் கொடுத்தது. அவள் எழுத்தைப் பார்த்து என் எழுத்தை நான் திருத்திக்கொண்டேன். அது வேறு கதை.

வாப்பாவும் சளைக்கவில்லை. மண்வெட்டி பிடித்த விரல்களால் சைகை பழகினார். ‘தண்ணி’ என்பதும் ‘தயிர்’ என்பதும் அவர் கையில் ஒரே மாதிரி வரும். தங்கச்சி இரண்டையும் கொண்டுவந்து வைப்பாள். மில் கட்டிய காணியை அவளுக்கு எழுதிக் கொடுத்தவர் அவர்தான். ஆனால் எந்த டொக்டரைக் கண்டாலும், “கோச்சி ஊதினதுக்கு அழுதவள், டொக்டர்” என்று தொடங்குவார். அவளைப் பார்க்கும் ஒவ்வொரு தரமும் அவர் கண் ஒரு கணம் காத்திருக்கும். தான் கையில் வைத்திருந்து தவறவிட்ட ஒன்றைத் தேடுவதுபோல் இருக்கும். அவர் கடைசியாகப் படுத்திருந்தபோது என் கையைப் பிடித்து, “ஒருக்காக் கேட்டவள்டா மகன். நாமதான் சரியாப் பாக்கல்ல” என்றார். அப்போதும் நான் சொல்லவில்லை. “ஓம் வாப்பா” என்றேன். குற்றத்தைத் தன் தலையில் வைத்துக்கொண்டு போனார்.

போன மாதம் தங்கச்சியிடம் சொன்னேன்.

பகல் நேரம். மில்லை நிறுத்தி எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். உமி வாசம். நாங்கள் இருவரும் எங்களுக்கென்று வைத்திருக்கும் சைகையில் எல்லாம் காட்டினேன். போளையைக் காட்டினேன். வாங்கின் காலைக் காட்டினேன். கரிக்கோச்சியின் சக்கரத்தைக் கையால் சுழற்றினேன். ஊதியதைக் காட்டினேன். என் இரண்டு விரல்களால் கிள்ளியதைக் காட்டினேன். உம்மா கேட்டதையும், நான் ஓம் என்றதையும் காட்டினேன். அந்தச் சின்னப் பிள்ளைக்கு இது ஒன்றும் நினைவில் இருக்க வழியில்லை. முதன்முதலாக அறிகிறாள்.

இரண்டு வருடத்தைக் கேட்பாள் என்று நினைத்தேன். எண்ணெயைக் கேட்பாள் என்று நினைத்தேன். அதற்குப் பதில் தேடி வைத்திருந்தேன். ஒரு பதிலும் சரியாக இல்லை.

அவள் கையிலிருந்த உமியைத் தட்டிவிட்டாள். பிறகு சைகையில் கேட்டாள்: நான் அழுததும் வாப்பா என்ன செய்தார்?

நான் எழும்பி நின்று, கைகளை உயர்த்தி, ஒரு பிள்ளையைத் தூக்கிச் சுற்றுவதுபோல் காட்டினேன்.

அவள் முகம் மாறியது. தன்னைப் பார்க்கும்போதெல்லாம் எதையோ தேடிய வாப்பாவைத்தான் அவளுக்குத் தெரியும். தன்னால் வாப்பா அப்படிச் சந்தோசப்பட்ட ஒரு நாள் இருந்ததை அவளுக்கு யாரும் சொன்னதில்லை. அதைக் கண்டவர்களில் மிஞ்சியிருந்து சொல்லக் கூடியவன் நான் ஒருவன்தான். நானும் மறைத்திருந்தேன்.

திரும்பவும் காட்டச் சொன்னாள். காட்டினேன். மூன்றாம் முறையும் சொன்னாள். மூன்றாம் முறை காட்டும்போது அவளே எழும்பி வந்து என் முழங்கைகள் இரண்டையும் பிடித்தாள். தலையை ஆட்டினாள். போதாது, வாப்பா உயரமான ஆள், இன்னும் மேலே என்று காட்டினாள்.

தோள்மூட்டு வலித்தது. உயர்த்தினேன்.